இந்தியத் தொல்லியல் சின்னங்களில் நுழைவுக் கட்டணம்

இந்தியத் தொல்லியல் சின்னங்களில் நுழைவுக் கட்டணம் என்பது, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என இந்திய ஒன்றிய அரசால் அறிவிக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைகள், கல்லறை மாடங்கள், குடைவரைகள், கோயில்கள் முதலியவற்றுள் சிலவற்றைக் காண வருவோரிடம் பெறப்படும் தொகையாகும். இத்துறையின் பாதுகாப்பில் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் உள்ளன. இவற்றுள் 150க்கும் குறைவானவற்றிலேயே நுழைவுச்சீட்டு முறை உள்ளது. ஏனையவற்றுள் எவரும் கட்டணமின்றி நுழையலாம். தாஜ் மகால், செங்கோட்டை, குதுப் மினார் போன்றவையே பெரிதும் பேசப்படுவதால், எல்லாத் தொல்லியல் சின்னங்களுக்கும் கட்டணம் உண்டு என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. இது சரியன்று.

நாட்டின் பொதுச்சொத்தாகிய ஓர் இடத்தைக் காண மக்கள் பணம் தரவேண்டுமா என்ற வினா, கட்டணம் உயர்த்தப்படும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. இவ்வினாவினுள் யார் தருவது, எவ்வளவு தருவது, தந்த பணம் எங்கே செல்கிறது என்னும் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. முதல் இரண்டும் அடிக்கடி விவாதிக்கப்படுகின்றன. மூன்றாவது அதிகம் விவாதிக்கப்படுவதில்லை எனினும், கட்டணம் நியாயமானதா என்பது பெருமளவில் அதைப் பொறுத்ததே ஆகும்.

சட்ட அடிப்படை

ஆங்கிலேயர் ஆட்சியில், கர்சன் பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது, 1904 ஆம் ஆண்டில் பழங்கால நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் இயற்றப்பட்ட 1958 ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் களங்கள் மற்றும் எச்சங்கள் சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின் 18 ஆம் பிரிவு, விதிகளுக்கு உட்பட்டு, பாதுகாக்கப்பட்ட எந்தச் சின்னத்தையும் அணுகுவதற்கு மக்களுக்கு உரிமை உண்டு எனக் கூறுகிறது. அஃதாவது, நுழைவு என்பது அரசு மனமுவந்து தரும் சலுகையன்று. சட்டம் வழங்கும் உரிமை. கட்டணம் அவ்வுரிமையின் மீது விதிகளால் இடப்படும் வரம்பு ஆகும். கட்டணத்தை எதிர்ப்போர் இப்பிரிவைச் சுட்டுகின்றனர். ஆயினும் 'விதிகளுக்கு உட்பட்டு' என்ற சொற்களும் அதே வரியில் உள்ளன என்பதை மறத்தலாகாது.

அவ்விதிகள் 1959 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. கட்டணம் பெறப்படும் சின்னங்கள் விதிகளின் இணைப்பில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒரு சின்னம் இப்பட்டியலில் இல்லையெனில் அங்கே நுழைவுக் கட்டணம் பெறுவதற்கு இடமில்லை. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு எங்கும் கட்டணம் இல்லை. குறிப்பிட்ட நாட்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யத் துறையின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் உண்டு. உலக மரபு நாளான ஏப்ரல் 18, உலக மரபு வாரம் தொடங்கும் நவம்பர் 19 ஆகிய நாட்களில் இவ்வாறு கட்டணமின்றி அனுமதிக்கப்படுவது வழக்கம். தாஜ் மகாலில் ஷாஜகானின் நினைவு நாளையொட்டிய உருசு விழாவின்போதும் இச்சலுகை உண்டு. விடுதலையின் 75 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2022 ஆகத்து 5 முதல் 15 வரை எல்லாச் சின்னங்களிலும் கட்டணம் நீக்கப்பட்டிருந்தது.

மாநில அரசுகளின் தொல்லியல் துறைகள் பாதுகாக்கும் சின்னங்கள் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. எடுத்துக்காட்டாக, மதுரை திருமலை நாயக்கர் மகாலில் பெறப்படும் கட்டணம் தமிழ்நாடு அரசைச் சார்ந்தது. இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் பெறப்படும் சிறப்புத் தரிசனக் கட்டணமும் முற்றிலும் வேறானது. இவ்விரண்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கட்டண உயர்வுகள்

2000 ஆம் ஆண்டு வரை கட்டணம் ஒரு பேசுபொருளாக இருந்ததில்லை. அவ்வாண்டு இறுதியில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் விதிக்கப்பட்டது. முதன்மையான சின்னங்களுக்கு 10 அமெரிக்க டாலர், ஏனையவற்றுக்கு 5 டாலர் எனத் தொடங்கிய இத்தொகை, சுற்றுலாத் தொழிலினரின் எதிர்ப்புக்குப் பின் முறையே 5 டாலர் அல்லது 250 ரூபாய் எனவும், 2 டாலர் அல்லது 100 ரூபாய் எனவும் குறைக்கப்பட்டது. இந்தியருக்கு 10 ரூபாய், 5 ரூபாய் என்ற கட்டணமே இருந்தது. இந்நிலை 15 ஆண்டுகள் வரை நீடித்தது. அக்காலத்தில் கட்டணம் பெறப்பட்ட சின்னங்களின் எண்ணிக்கை 116 ஆகும்.

2016 ஏப்ரலில் முதன்மைச் சின்னங்களுக்கு இந்தியரிடம் 30 ரூபாயும் வெளிநாட்டவரிடம் 500 ரூபாயும், இரண்டாம் வகைச் சின்னங்களுக்கு 15 ரூபாயும் 200 ரூபாயும் பெறப்படலாயின. 2018 ஆகத்தில் இவை மீண்டும் உயர்த்தப்பட்டு, முதல் வகைக்கு 40, 600 ரூபாய் எனவும், இரண்டாம் வகைக்கு 25, 300 ரூபாய் எனவும் ஆயின. இணையம் முதலிய மின்னணு வழிகளில் செலுத்துவோருக்கு இந்தியராயின் 5 ரூபாயும், வெளிநாட்டவராயின் 50 ரூபாயும் தள்ளுபடி தரப்பட்டது. இணைய இணைப்பும் வங்கிக் கணக்கும் உடையவர் குறைவாகவும், அவை இல்லாதவர் கூடுதலாகவும் செலுத்தும் நிலை இதனால் ஏற்பட்டது. வரிசையைக் குறைப்பதற்கு இது நல்ல வழிதான். ஆனால் ஏழைகளின் பார்வையில் தலைகீழான சலுகை எனலாம்.

தாஜ் மகால்

தொல்லியல் துறையின் சின்னங்களுள் மிகுதியான கட்டண வருவாய் தருவது ஆக்ராவில் உள்ள தாஜ் மகால் ஆகும். இங்கு 2018 உயர்வுக்குப் பின் இந்தியருக்கு 50 ரூபாய், தெற்காசிய நாட்டினருக்கு 540 ரூபாய், ஏனைய வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. பிற முதல் வகைச் சின்னங்களின் 40, 600 ரூபாயுடன் இவை பொருந்தாதது ஏன் எனப் பலரும் கேட்பதுண்டு. விடை எளிது. தாஜ் மகால் சீட்டு, உண்மையில் ஒன்றாக அச்சிடப்பட்ட இரண்டு சீட்டுகள். தொல்லியல் துறையின் கட்டணத்துடன், ஆக்ரா வளர்ச்சிக் குழுமம் பெறும் பாதை வரியும் அதில் சேர்ந்துள்ளது. பாதை வரி இந்தியருக்கு 10 ரூபாய், மற்றெல்லா நாட்டினருக்கும் 500 ரூபாய். தெற்காசிய நாட்டினர் தொல்லியல் துறைக்கு இந்தியரைப் போல 40 ரூபாய் செலுத்தினும், பாதை வரியில் அவர்களுக்குச் சலுகை இல்லாமையால் 540 ரூபாய் ஆகிறது. வெளிநாட்டவர் தரும் 1,100 ரூபாயில் ஏறத்தாழப் பாதி, தாஜ் மகாலைப் பாதுகாக்கும் துறைக்கன்றி, நகர வளர்ச்சி அமைப்புக்கே செல்கிறது.

2018 திசம்பர் முதல், கல்லறைகள் அமைந்துள்ள மைய மாடத்தினுள் செல்வதற்கு மேலும் 200 ரூபாய் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் வளாகத்தினுள் மூன்று மணி நேரமே இருக்கலாம் என்ற வரம்பும் கொண்டுவரப்பட்டது. கூட்டத்தால் பளிங்குத் தளம் தேய்வதைக் குறைப்பதே இவற்றின் நோக்கம் எனத் துறை கூறியது. பணம் ஈட்டுவதற்காகவன்றி, கூட்டத்தைக் குறைப்பதற்காகவே விதிக்கப்பட்ட கட்டணம் என்பதால் இது தனித்து நோக்கத்தக்கது. இத்தகைய கட்டணம் கூட்டத்தைக் குறைப்பது உண்மையே. ஆனால் எவரைக் குறைக்கிறது என்பதே கேள்வி. பெரியவர்கள் நால்வர் கொண்ட ஓர் இந்தியக் குடும்பம் மாடத்தினுள்ளும் செல்ல விரும்பினால் மொத்தம் 1,000 ரூபாய் தேவை. 2024-25 இல் உத்தரப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள்கூலி 237 ரூபாய் ஆகும். எனவே அது நான்கு நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகை. அத்தொகை வெளிநாட்டுப் பயணி எவரையும் தயங்கச் செய்யாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என எண்ணிக்கையை வரையறுத்து முன்பதிவு செய்யும் முறையில் இக்குறை இல்லை. கொரோனா ஊரடங்கிற்குப் பின் 2020 செப்டம்பரில் தாஜ் மகால் திறக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 5,000 பேர் என்ற வரையறை நடைமுறைப்படுத்தப்பட்டது. ஆகவே இது இயலாத செயல் அன்று.

வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்

இந்தியக் குடிமக்கள் தம் வரிப்பணத்தால் ஏற்கெனவே இச்சின்னங்களின் பராமரிப்புக்குப் பங்களிக்கின்றனர் என்பதும், வெளிநாட்டவரின் வாங்குதிறன் மிகுதி என்பதும் இரட்டைக் கட்டணத்துக்குக் கூறப்படும் காரணங்கள். ஒரே படியில் ஏறும் இருவரிடம் பதினைந்து மடங்கு வேறுபாட்டில் பணம் பெறுவது விருந்தினரை வருத்தும் செயல் என்பது எதிர்வாதம்.

நடைமுறையில் இது கடவுச்சீட்டைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. சார்க் நாடுகளின் குடிமக்களும், தாய்லாந்து, மியான்மர் ஆகியவற்றையும் உள்ளடக்கிய பிம்ஸ்டெக் நாடுகளின் குடிமக்களும் இந்தியருக்குரிய கட்டணத்தையே செலுத்துகின்றனர். எனவே இலங்கைத் தமிழர் ஒருவர் மாமல்லபுரத்தில் 40 ரூபாய் செலுத்த, மலேசியத் தமிழர் 600 ரூபாய் செலுத்த நேர்கிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் என்ற அட்டையை உடையவர்களுக்கு, நுழைவுக் கட்டணத்தில் இந்தியருக்கு இணையான உரிமை உண்டு என 2021 மார்ச்சு மாதத்தில் வெளியிடப்பட்ட உள்துறை அமைச்சின் அறிவிக்கை கூறுகிறது. சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வருவோர் இவ்வட்டையை வைத்திருப்பின் உடன் கொண்டுசெல்லுதல் நலம்.

வழிபாட்டிடங்களும் தமிழ்நாட்டுச் சின்னங்களும்

வழிபாடு நடைபெறும் சின்னங்களில் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் பெறுவதில்லை. இந்த ஒரு நெறியே தமிழ்நாட்டின் நிலைமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் ஆகிய மூன்றும் யுனெசுக்கோவின் உலக மரபுச் சின்னங்களாயினும், வழிபாடு தொடர்வதால் அவற்றுள் கட்டணமின்றி நுழையலாம். மற்றோர் உலக மரபுச் சின்னமாகிய மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு பெறவேண்டும். ஆனால் ஊரின் நடுவே தெருவோரத்தில் அமைந்துள்ள அருச்சுனன் தபசு என்னும் பெரும் புடைப்புச் சிற்பத்தை எவரும் நின்று காணலாம். செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல், திருமயம் கோட்டை ஆகியவை கட்டணம் பெறப்படும் இரண்டாம் வகைச் சின்னங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் கசுராகோவில் இவ்வேறுபாடு ஒரு மதிலின் இரு புறங்களில் தெரிகிறது. மேற்குத் தொகுதிக் கோயில்களுக்குச் சீட்டு உண்டு. அதனை அடுத்துள்ள மாதங்கேசுவரர் கோயிலில் இன்றும் வழிபாடு நடப்பதால் சீட்டு இல்லை. கருநாடகத்தின் அம்பியில் விருபாட்சர் கோயில் வழிபாட்டிலுள்ளது. விட்டலர் கோயில் முதலியவற்றுக்குச் சீட்டு உண்டு. பரந்து கிடக்கும் இடிபாடுகளின் பெரும்பகுதியில் கேட்பாரின்றித் திரியலாம்.

வழிபாடு உண்டா இல்லையா என்பதும் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதன்று. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் வழிபாடு இல்லாதிருந்து, 1981 இல் இலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. அது முதல் அது தொல்லியல் சின்னமாகவும் வழிபாட்டிடமாகவும் ஒருங்கே விளங்குகிறது.

பிற நாடுகளில்

வழிபாட்டிடங்களைப் பொறுத்து ஐரோப்பாவில் ஒரே நடைமுறை இல்லை. பிரான்சில் 1905 ஆம் ஆண்டின் சட்டம் வழிபாட்டுக் கட்டடங்களைக் காண்பதற்குக் கட்டணம் பெறுவதைத் தடுக்கிறது. 2024 இல், பாரிசின் நோத்ரு தாம் பேராலயத்தைக் காண வருவோரிடம் 5 யூரோ பெற்று, நாட்டின் பழைய ஆலயங்களைச் செப்பனிடலாம் எனப் பண்பாட்டு அமைச்சர் முன்மொழிந்தார். பாரிசு மறைமாவட்டம் இதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு திசம்பரில் ஆலயம் கட்டணமின்றியே மீண்டும் திறக்கப்பட்டது. உரோமில் ஆலயமாக விளங்கும் பாந்தியனில் 2023 சூலை முதல் 5 யூரோ பெறப்படுகிறது. உரோம் நகரவாசிகளுக்கு இக்கட்டணம் இல்லை. வருவாயில் 70 விழுக்காடு பண்பாட்டு அமைச்சுக்கும் 30 விழுக்காடு மறைமாவட்டத்துக்கும் எனப் பங்கு வகுக்கப்பட்டுள்ளது.

கம்போடியாவில் அங்கோர் வளாகத்தைக் காணக் கம்போடியருக்குக் கட்டணம் இல்லை; வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 2017 இல் 20 டாலரிலிருந்து 37 டாலராக உயர்த்தப்பட்டது. இதில் 2 டாலர் காந்தா போப்பா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. இந்தோனேசியாவின் போரோபுதூரில் தூபியின் மேல் ஏறுவதற்கு உள்நாட்டவரிடம் 7,50,000 ரூபியாவும் வெளிநாட்டவரிடம் 100 டாலரும் பெறப்போவதாக 2022 சூனில் அரசு அறிவித்தது. அதுவரை உள்நாட்டவர் செலுத்தியது 50,000 ரூபியா. கடும் எதிர்ப்பு எழவே சில நாட்களில் இத்திட்டம் கைவிடப்பட்டு, மேலே ஏறுவோரின் எண்ணிக்கையை நாளொன்றுக்கு 1,200 என வரையறுக்கும் முறை மட்டும் நிலைபெற்றது.

கட்டணப் பணம் செல்லுமிடம்

மேற்கூறிய நாடுகள் சிலவற்றில் பணம் எங்கே செல்கிறது என்பது சீட்டுடனேயே தெளிவாகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டின் சட்டப்படி, தேசியப் பூங்காக்களிலும் வரலாற்றிடங்களிலும் பெறப்படும் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு அந்தந்த இடத்திலேயே செலவிடப்படவேண்டும். இலங்கையில் 1980 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்திய கலாசார நிதியம், சிகிரியா முதலிய இடங்களின் சீட்டு வருவாயைத் தானே பெற்று அகழாய்வுக்கும் பராமரிப்புக்கும் பயன்படுத்துகிறது.

இந்தியாவில் அவ்வாறன்று. தொல்லியல் துறை பெறும் நுழைவுக் கட்டணம், ஒன்றிய அரசின் ஏனைய வருவாய்களைப் போலவே இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. துறைக்கு வேண்டிய பணம் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தனியே ஒதுக்கப்படுகிறது. அண்மைய ஆண்டுகளில் இவ்வொதுக்கீடு 1,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டதாகும். கட்டண வருவாய் இத்தொகையை ஈடுசெய்வதில்லை. ஆகவே 'நான் தந்த 40 ரூபாயால் இந்தக் கோயிலின் சுவர் செப்பனிடப்படும்' என ஒரு பயணி எண்ணுவாராயின் அது பிழை. சீட்டு அதிகம் விற்றதால் அச்சின்னத்துக்கு ஒதுக்கீடு கூடுவதுமில்லை, விற்காததால் குறைவதுமில்லை.

இம்முறையில் ஒரு நன்மையும் உண்டு. 2020 மார்ச்சில் எல்லாச் சின்னங்களும் மூடப்பட்டபோது சீட்டு வருவாய் அற்றுப்போனது. ஆயினும் துறையின் நிதி சீட்டு விற்பனையைச் சார்ந்திருக்கவில்லை. சீட்டுப் பணம் அந்தந்த இடத்திலேயே தங்கும் முறையில் தாஜ் மகால் செழிக்கும். ஆண்டுக்கு நூறு பேர்கூட வராத ஒரு சமணக் குகைக்கு எதுவும் மிஞ்சாது. தொகுப்பு நிதி வழியாகச் சென்றால், கோட்பாட்டளவிலேனும், புகழ்பெற்ற சின்னம் புகழற்ற சின்னத்தைத் தாங்குகிறது. கட்டணத்துக்கு ஆதரவாகக் கூறத்தக்க வாதங்களுள் இதுவே வலுவானது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்று மட்டும் கூறுவது போதாது.

அவ்வாறு தாங்கப்படுகிறதா என்பதற்குக் கிடைக்கும் சான்றுகள் ஊக்கமளிப்பனவாக இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013 இல் அளித்த அறிக்கையின்படி, நேரில் ஆய்வு செய்யப்பட்ட 1,655 சின்னங்களுள் 92 காணப்படவில்லை. பின்னர் துறை மேற்கொண்ட தேடலில் 42 கண்டறியப்பட்டன. எஞ்சிய 50 பற்றி 2022 திசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் விவரம் தரப்பட்டது. 14 சின்னங்கள் நகர விரிவாக்கத்தில் மறைந்தன; 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின; 24 இன் இருப்பிடமே அறியப்படவில்லை. காவலுக்கு 7,000 பேர் தேவைப்பட, 248 இடங்களில் 2,578 பேரை மட்டுமே அமர்த்த முடிந்தது என்பதும் அதே குழுவின் அறிக்கையில் உள்ளது. அப்போது சின்னங்களின் எண்ணிக்கை 3,693. சீட்டு விற்கும் வாயிலில் ஆள் இருப்பார்; பதிவேடு இருக்கும்; மதில் இடிந்தால் அன்றே தெரியவரும். சீட்டு இல்லாச் சின்னங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காவலர் எவருமில்லை.

சின்னங்களைப் பேண அரசு வேறு வழிகளையும் நாடியுள்ளது. நன்கொடை பெறுவதற்காகத் தேசியப் பண்பாட்டு நிதியம் 1996 இல் அமைக்கப்பட்டது. 2017 இல் மரபுச்சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டு, 2018 இல் தில்லிச் செங்கோட்டையில் வசதிகள் செய்து பராமரிக்கும் பொறுப்பு ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற அளவில் டால்மியா பாரத் குழுமத்திடம் தரப்பட்டது பெரும் விவாதத்துக்குள்ளானது. நிறுவனங்கள் இயல்பாகவே கூட்டம் வரும் சின்னங்களையே நாடும் என்பதால், காவலற்ற சிறு சின்னங்களின் சிக்கலை இவ்வழி தீர்க்கும் எனத் தோன்றவில்லை.

2024 மார்ச்சில், அதுவரை தேடியும் கிடைக்காத 18 சின்னங்களைத் தேசிய முக்கியத்துவப் பட்டியலிலிருந்து நீக்கத் துறை முடிவு செய்தது. அரியானாவின் முசேசர் ஊரிலிருந்த முகலாயர் காலத்து மைல்தூண், தில்லியின் பாரகம்பா கல்லறைத்தோட்டம், சான்சியிலிருந்த ஒரு பீரங்கிப்படை வீரரின் கல்லறை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டதாக ஒன்றிய அரசு கருதினால் அவ்வாறு அறிவிப்பதற்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு இடமளிக்கிறது.